அம்பின் பின்னால் ஓடும் நூல்: ‘ஸ்ட்ரிங் டிராக்கர்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வேட்டைக்காரன் இல்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் குடியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து பேர் சேர்ந்து வைக்கோல் பலகைக்கு அம்பு விடுவோம், என் வில் வித்தை அதோடு சரி. ஆனால் என் பெரியப்பா மகன் ஒன்ராறியோவில் இருபது வருடமாக இருக்கிறார், அங்கே முறையாகப் படித்து அனுமதி எடுத்து வில்லால் வேட்டையாடுகிறவர். அவரோடு இரண்டு வசந்த காலத்தில் வான்கோழி வேட்டைக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். வந்த இடத்தில் “அண்ணா அம்பில் நூல் கட்டி விடுகிறார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. சொந்தக்காரர், அம்பு விடுகிற பெடியன்கள், கனடாவுக்குப் போகப் போகிற ஒருவர் என்று எல்லோரும் கேட்டதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், இனிக் கேட்கிறவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

அம்பில் நூலா? பட்டம் விடுகிற மாதிரியா?

கிட்டத்தட்ட அப்படித்தான். வில்லின் முன்பக்கத்தில், ஸ்டெபிலைசர் என்ற ஆட்டம் குறைக்கிற தண்டைப் பூட்டுகிற ஓட்டையில், ஒரு சின்னப் பேணி பூட்டியிருக்கும். அதற்குள் நைலான் நூல் சுற்றி வைத்திருப்பார்கள். அதன் ஒரு நுனி அம்பின் கூர்முனைக்குச் சற்றுப் பின்னால் கட்டப்பட்டிருக்கும். அம்பு விலங்கில் பட்டு அது ஓடினால், நூலும் பேணியிலிருந்து அவிழ்ந்துகொண்டே பின்னால் போகும். பிறகு நீங்கள் நூலைப் பிடித்துக்கொண்டு நடந்து போய் விலங்கைக் கண்டுபிடிக்கலாம். இதைத்தான் ஸ்ட்ரிங் டிராக்கர் என்கிறார்கள், அதில் கேம் டிராக்கர் என்ற பெயரில் வந்ததுதான் பலருக்கும் தெரிந்தது. நூல் சுமார் 17 இறாத்தலில் இருந்து 30 இறாத்தல் வரை இழுவை தாங்கும், மெல்லிய வகை என்றால் ஒரு சுருளில் 2,500 அடி வரைக்கும் இருக்கும், அதாவது முக்கால் கிலோமீற்றர்.

விலங்கை இழுத்து நிறுத்துகிற கயிறு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மானோ கரடியோ திமிறினால் அந்த நூல் பட்டென்று அறுந்துவிடும். எந்தப் பக்கம் போனது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

துப்பாக்கி வேட்டையில் இது இல்லையே, வில்லுக்கு மட்டும் ஏன்?

துப்பாக்கிக் குண்டு அடியின் அதிர்ச்சியிலேயே பல வேளை விழுத்திவிடும். அம்பு அப்படி இல்லை, அது வெட்டுகிறது. முனையில் உள்ள சவர அலகு போன்ற கத்திகள் இரத்தக் குழாய்களை அறுக்க, இரத்தம் போய்த்தான் விலங்கு சாகிறது. நெஞ்சில் சரியாகப் பட்ட மான்கூட நூறு மீற்றர் ஓடி விழும். அந்த நூறு மீற்றர் பற்றைக் காடாக இருந்து, நேரமும் மாலை மங்கலாக இருந்தால், இருபது அடி தூரத்தில் கிடக்கிற உடலைத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இந்தத் தேடல் நமக்குப் புதிதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பழைய அகப்பாட்டில் தலைவன் தினைப்புனத்துப் பெண்களிடம் வந்து “என் அம்பு பட்ட யானை இந்தப் பக்கம் வந்ததா, மான் வந்ததா” என்று கேட்பானே, கோவை இலக்கியம் பாடிய புலவர்கள் அதற்கு வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்று துறையே வகுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே அது பேச்சுக் கொடுக்க ஒரு சாட்டு. ஆனால் அம்பு பட்டது காணாமல் போவது அன்றாடம் நடக்காவிட்டால் அந்தச் சாட்டை யார் நம்புவார்கள்?

எல்லா வேட்டைக்கும் இதைப் பூட்டலாமா?

பூட்டலாம், ஆனால் எல்லோரும் பூட்டுவதில்லை, பூட்டத் தேவையும் இல்லை. இது அதிகம் உதவுவது இரண்டுக்கு: கருங்கரடி, வான்கோழி.

கரடிக்கு ஏனென்றால், அதன் தோலுக்குக் கீழே தடித்த கொழுப்பு, மேலே அடர்ந்த மயிர். வேட்டைக்காரர் மரத்தில் கட்டிய பரணில் இருந்து கீழ்நோக்கி விடுவார், அம்பு மேல்பக்கமாக நுழையும். மறுபக்கம் வெளியே வராவிட்டால் காயத்தைக் கொழுப்பு அடைத்துவிடும், வருகிற கொஞ்ச இரத்தத்தையும் மயிர் குடித்துவிடும். நிலத்தில் ஒரு துளி விழாது. பிறகு அது போய்ப் புகுவதோ மிக அடர்ந்த பற்றைக்குள். இருட்டில், காயம்பட்ட கரடியை, இரத்தத் தடம் இல்லாமல் தேடுவதை நினைத்துப் பாருங்கள், நூலின் அருமை விளங்கும்.

வான்கோழிக்கும் அதே பிரச்சினைதான், இங்கே இறகு இரத்தத்தை மறைக்கிறது. அதோடு அது பறக்கும். நம் வீட்டு நத்தார் வான்கோழியை நினைக்காதீர்கள், காட்டு வான்கோழி உயர்ந்த மரத்தில் ஏறித் தூங்குகிற பறவை. ஒன்ராறியோவில் அது ஒரு காலத்தில் முற்றாக அழிந்து போய், 1984 இல் அமெரிக்காவில் இருந்து கொண்டுவந்து திரும்ப விட்டார்கள். இப்போது வேட்டைக்குப் பருவம் வைக்கிற அளவுக்குப் பெருகிவிட்டது.

மானுக்கு, அதுவும் திறந்த வயல் ஓரத்தில் என்றால், அண்ணா நூல் பூட்டுவதே இல்லை. மான் நன்றாக இரத்தத் தடம் விடும், நூலால் வருகிற தொல்லைதான் அங்கே அதிகம் என்கிறார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

என்ன தொல்லை? அம்பு கோணலாகப் போகுமா?

பலகைக்கு விடுகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. கோணலாக என்று இல்லை, கீழே போகும். நூலை இழுத்துக்கொண்டு போகிற அம்பு கொஞ்சம் வேகம் இழக்கும், தூரம் கூடக் கூட அந்தத் தாழ்வும் கூடும். 20 யார், அதாவது அறுபது அடி, வரைக்கும் பெரிதாகத் தெரியாது, அதற்கு மேலே நூலோடு விடாதே என்பதுதான் அங்கே பொதுவான பேச்சு. கரடியும் வான்கோழியும் அந்தத் தூரத்துக்குள்தான் பெரும்பாலும் விடப்படுகின்றன என்பதால் இது ஒத்துப் போகிறது.

காற்றுத்தான் உண்மையான எதிரி. காலிமுகத்திடலில் பட்டம் விடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், பட்டம் நேரே மேலே இருந்தாலும் நூல் நேராக இராது, வயிறு வைத்த மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும். இங்கேயும் அதேதான். அம்பு விடுவதற்கு முன்பே முனைக்கும் பேணிக்கும் இடையில் தொங்குகிற தளர்ந்த நூலைக் காற்று தூக்கிப் போய் வில்லின் கப்பியிலோ, கையிலோ, பக்கத்துச் சுள்ளியிலோ சுற்றிவிடும். அது தெரியாமல் விட்டால் அம்பு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே நூலோடு பழகாமல் நூலோடு வேட்டைக்குப் போகக் கூடாது.

நூலை அம்பின் வால் பக்கம் கட்டினால் என்ன? முன்னால் ஏன்?

வால் பக்கம் இறகு இருக்கிறது, நூல் அதில் உரசும், அம்பும் தள்ளாடும். அதைவிடப் பெரிய காரணம், ஓடுகிற விலங்கு அம்பை மரத்தில் அடித்து முறித்துவிடும். வால் துண்டு நிலத்தில் விழுந்தால் நூலும் அதோடு அங்கேயே நின்றுவிடும். கூர்முனைக்குச் சற்றுப் பின்னால் கட்டினால் நூல் விலங்கின் உடம்புக்குள்ளேயே போய்விடுகிறது. அண்ணா நூல் நுனியில் ஒரு கண்ணி போட்டு, அம்பின் கூர்முனையைக் கழற்றி, கண்ணியை அதன் திருகில் மாட்டித் திரும்ப முறுக்குவார். முடிச்சைக் கத்தி வெட்டாமல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் ஒரு தரம் தடவிப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் அம்பை வில்லில் வைப்பார்.

புறக்கோட்டையில் இல்லாத நூலா? நாமே செய்ய முடியாதா?

செய்து பார்த்தேன், அந்த வெட்கக் கதையையும் சொல்கிறேன். கெய்சர் வீதியில் ஒரு கடையில் நல்ல நைலான் நூற்கட்டை ஒன்று வாங்கி, பால்மா பேணி ஒன்றுக்கு நடுவில் ஆணி அடித்து, கட்டை சுழலட்டும் என்று அதில் மாட்டினேன். வில்லில் டேப் போட்டு ஒட்டினேன். கூட இருந்தவர்கள் கைத்தொலைபேசியில் படம் எடுக்கத் தயார். விட்டேன், டப் என்று ஒரு சத்தம். அம்பு பலகையில் பத்து அங்குலம் கீழே, நூல் அறுந்து பேணிக்கு வெளியே ஒரு சாண் தொங்குகிறது, கட்டை மட்டும் தன்பாட்டில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் முறை கட்டை தேவைக்கு மேல் சுற்றி நூல் எல்லாம் பேணிக்குள் கூடு கட்டிவிட்டது.

பிழை எங்கே என்று அன்றிரவு அண்ணாவிடம் கேட்டபோது அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் போனது. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லில் இருந்து அம்பு செக்கனுக்கு 250 அடி என்ற கணக்கில் புறப்படும். நிற்கிற கட்டை அந்த வேகத்துக்கு உடனே சுழலத் தொடங்காது, அதற்குள் நூல் அறுந்துவிடும். உண்மையான பேணிக்குள் எதுவுமே சுழலாது. சுருள் அசையாமல் இருக்க, நூல் அதன் உள்பக்கத்தில் இருந்து வளையம் வளையமாகக் கழன்று வரும். தையல் மெசினின் பொபினைவிட, கம்பளி உருண்டையை நடுவில் இருந்து இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுற்றைக் கையால் சுற்ற எனக்கு வரவில்லை. காசு கொடுத்து வாங்குங்கள்.

அம்பு பட்டது. உடனே நூலைப் பிடித்துக்கொண்டு ஓடலாமா?

ஓடாதீர்கள், நூலை இழுக்கவும் வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே வான்கோழிக்கு வசந்த கால வேட்டைப் பருவம் ஏப்ரல் 25 முதல் மே 31 வரை, நாங்கள் போனது மே முதல் கிழமை. விடியுமுன் போய் வயல் ஓரத்து மறைவுக் கூடாரத்தில் குந்தியிருந்தோம். எனக்குக் குளிரில் விரல் விறைத்துவிட்டது. ஏழு மணி போல ஒரு சேவல் போலிக் கோழியைப் பார்த்துத் தோகை விரித்துக்கொண்டு வந்தது, பதினைந்து யாருக்குள். அண்ணா விட்டார். அம்பு பட்ட சத்தத்தை நான் கேட்கவில்லை, பேணியில் இருந்து வந்த சத்தம்தான் காதில் விழுந்தது, சீலை கிழிகிற மாதிரி ஸ்ஸ்ஸ் என்று. பறவை ஓடியது, வேலிப் பற்றைக்கு மேலால் தாழப் பறந்து மறைந்தது. நூல் தொடர்ந்து போனது, பிறகு விட்டு விட்டுப் போனது, பிறகு நின்றது. நான் எழும்பப் போனேன், அண்ணா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் செய்த முதல் வேலை, நூலைப் பேணியடியில் வெட்டி, கூடாரத்துக்கு வெளியே நின்ற ஒரு கிளையில் கட்டியதுதான். இல்லாவிட்டால் வில்லைத் தூக்கும்போது நாமே நூலை இழுத்து அறுத்துவிடுவோம். அரை மணி நேரம் தேநீர் குடித்தோம். அந்த அரை மணியில் நூல் இரண்டு முறை லேசாக ஆடியது, காற்றா பறவையா என்று தெரியவில்லை.

போய்ப் பார்த்தால் நிலத்தில் இரண்டு இறகு, இரத்தம் ஒரு சொட்டுக்கூட இல்லை. நூல் முள்ளுப் பற்றைக்கு மேலால் ஏறி, ஒரு ஓடையைக் கடந்து, விழுந்து கிடந்த மரத்தின் அடியில் போய் முடிந்தது. அங்கே இருந்தது. வெளியே தெரிந்தது வாலின் நுனி மட்டும். நூல் இல்லாமல் நான் அந்த மரத்தின் மேலேயே ஏறி நின்று தேடியிருப்பேன்.

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்?

எங்கே பட்டது என்பதைப் பொறுத்தது. மான் வேட்டைக்காரர்கள் சொல்கிற கணக்கு இது: இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி போதும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நாலு மணி. பச்சை அல்லது மண்ணிறமாக, நாற்றத்தோடு இருந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பக்கமே போகக் கூடாது. அவசரப்பட்டால் படுத்திருக்கிற விலங்கு எழும்பி இன்னும் ஒரு மைல் போகும், நூலும் முடிந்துவிடும். கையில் நூல் இருப்பதே ஒரு ஆபத்து என்று அண்ணா சொல்வது இதனால்தான், வழி தெரிகிறது என்றதும் கால் தானாக நடக்கத் தொடங்கிவிடும்.

அம்பு ஊடுருவி மறுபக்கம் போய்விட்டால் நூல் எதைத் தொடரும்?

நல்ல கேள்வி, கேட்டவர் என்னைவிட நன்றாக அம்பு விடுகிற பெடியன். அம்பு மறுபக்கம் போய் நிலத்தில் குத்தினாலும் நூல் விலங்கின் உடம்பின் ஊடாகத்தான் போயிருக்கும். விலங்கு ஓடும்போது ஊசியில் கோத்த நூல் மாதிரி அதையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் சில வேளை நிலத்தில் இரண்டு நூல் இருக்கும், ஒன்று உங்களிடம் இருந்து, மற்றது அம்பில் இருந்து. இரண்டும் ஒரே பக்கம் போகும், குழம்ப வேண்டாம்.

அறுந்துவிட்டால்?

அறுந்த இடம் வரைக்கும் போங்கள், அங்கே ஒரு அடையாளம் கட்டுங்கள், நூல் கடைசியாக எந்தத் திசையில் கிடக்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து பழைய முறைதான், இரத்தம், மிதித்த இலை, மயிர். முதல் ஐம்பது மீற்றரின் திசை சரியாகத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் அம்பு விட்ட படபடப்பில் “அந்த மரத்துக்கு இடப்பக்கம்தான் போனது” என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் பெரும்பாலும் பிழையாகத்தான் சொல்கிறார்கள்.

மழை?

ஈர நூல் ஒன்றோடொன்று ஒட்டும், சுருளில் இருந்து சீராக வராது. பேணியை மூடி வையுங்கள், நனைந்தால் வேறு சுருள் போடுங்கள்.

இந்தக் காலத்தில் நூல் எதற்கு? அம்பிலேயே ஜிபிஎஸ் வைக்கலாமே?

வட அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒவ்வொரு சட்டம், அம்பில் மின்னணுக் கருவி பொருத்துவதை சில இடங்களில் தடுத்திருக்கிறார்கள். வில் வேட்டைச் சாதனைகளைப் பதிகிற போப் அண்ட் யங் கிளப்பும் அம்பில் மின்னணுச் சாமான் இருந்தால் ஏற்காது, ஒளிரும் நொக்குக்கு, அதாவது நாணில் மாட்டுகிற அம்பின் வால் துண்டுக்கு, 2014 இல் விலக்கு கொடுத்தது. நூலுக்கு பற்றரி வேண்டாம், சிக்னல் வேண்டாம். போகிற இடத்துச் சட்டத்தை மட்டும் அந்த வருடத்துக்கானதாக எடுத்து வாசியுங்கள். வார் பிடித்த மோப்ப நாய்க்கு அனுமதி உள்ள இடமாக இருந்தால், என்னைக் கேட்டால் அதுதான் எல்லாவற்றிலும் மேல்.

இலங்கையில் இதைப் பாவிக்கலாமா?

வேண்டாம். புள்ளிமான், மரை, கேளையாடு எல்லாம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. “காணிக்குள் பன்றி வருகிறதே, அதற்கு?” என்று முல்லைத்தீவுப் பக்கம் காணி வைத்திருக்கிற ஒருவர் கேட்டார். பத்தரமுல்லையில் வனஜீவராசிகள் திணைக்களம் இருக்கிறது, அங்கே கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். வில் நமக்குப் பலகைக்குத்தான். தம்பானையில் வேடர்கள் வில்லோடு நின்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள், அவர்கள் வேட்டையாடித் திரிந்த காடே 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகிவிட்டது.

பாவம் இல்லையா, தம்பி?

இதைக் கேட்டது என் அம்மா. வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடு எங்களுடையது. நான் சுற்றி வளைத்து ஏதோ சொன்னேன், வள்ளியே வேடர் மகள்தானே, கதிர்காமக் கந்தனே வேடன் வேடம் போட்டுத்தானே போனார் என்று. அம்மா அசையவில்லை. “அவர் போனது பெண் பார்க்க” என்றார்.

சரி, நேராகச் சொல்கிறேன். கொல்வதா வேண்டாமா என்பது அவரவர் மனம், நான் இதுவரை ஒரு உயிருக்கும் அம்பு விட்டதில்லை, விடுகிற யோசனையும் இல்லை. ஆனால் விடுகிறவர் விட்ட பிறகு தேடாமல் வீட்டுக்குப் போவதை என்னால் ஏற்க முடியாது. 2020 மே மாதம் நல்லதண்ணியில் கம்பிக் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை நினைவிருக்கும், மீட்டெடுத்தும் சில நாளில் இறந்துபோனது. கண்ணி வைத்தவன் அதற்கு வைத்திருக்கமாட்டான், வைத்துவிட்டுத் தன்பாட்டில் போயிருப்பான். அண்ணா ஒரு வருடம் ஒரு மானைத் தேடி இரண்டு நாள் வேலைக்கு லீவு போட்டார், கிடைக்கவில்லை, அந்தப் பருவம் முழுக்க வில்லைத் தொடவில்லை. அவர் பேணி வாங்கியது அதற்கு அடுத்த வருடம்.

ஓடிப்போன நூலை என்ன செய்வது?

கடைசி அடி வரை பொறுக்க வேண்டும். நைலான் உக்காது, பறவைக் காலில் சுற்றும், உழவு மெசினில் சிக்கும், காணிக்காரர் அடுத்த வருடம் உள்ளே விடமாட்டார். அன்று பறவையைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருபது நிமிடம், நூலை முள்ளில் இருந்து பிரித்தெடுக்க ஒரு மணி நேரம். அண்ணா பறவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார், நான் ஒரு தடியில் நூலைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தேன். ஒருமுறை பாவித்த நூலைத் திரும்பப் பேணிக்குள் போட முடியாது, குப்பைதான்.

பாவிக்காத சுருள் ஒன்றை அண்ணா எனக்கு நினைவாகத் தந்துவிட்டார். சாமிப் படத்துக்கு மல்லிகை கட்ட அம்மா அதை எடுத்துப் பார்த்தார், முடிச்சு வழுக்குகிறதாம், இரண்டாம் நாளே வாழை நாருக்குத் திரும்பிவிட்டார்.